தோல் டாக்டர் மனதைப் பற்றிக் கேட்பது எதற்காக?

கேள்வி: என் கணவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. வயது 46. பல வருடங்களாகச் சொரியாசிஸ் (தோலில் செதில் செதிலாகப் படை வரும் நோய்) இருக்கிறது. இப்போது கல்யாண வீடு, கோயில் கொடை எதற்கும் வருவதில்லை. இரவில் உறக்கமும் இல்லை. நாகர்கோவிலில் தோல் டாக்டர் ஒன்பது கேள்விகள் அச்சிட்ட தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்பட்டு, நிரப்பாமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவருக்குப் பதிலாக நானே நிரப்பிக் கொடுக்கலாமா? - ஒரு வாசகி, குலசேகரம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் நிரப்ப வேண்டாம். கடந்த இரண்டு வாரங்களில் தம் மனம் எப்படி இருந்தது என்பதை அவர் மட்டுமே சொல்ல முடியும். வாசிக்கச் சிரமப்பட்டால் நீங்கள் வாசித்துக் காட்டலாம். விடை அவருடையதாக இருக்கட்டும்.

உங்கள் டாக்டர் செய்தது மிகச் சரியான காரியம். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட உண்மை. ஊராரின் பார்வையும், ஒட்டிக்கொள்ளும் என்ற தவறான பயமும் (சொரியாசிஸ் யாருக்கும் தொற்றாது), ஓயாத அரிப்பும் அதற்குக் காரணங்கள். தோலில் அழற்சியை உண்டாக்கும் அதே வேதிப்பொருள்கள் மூளையையும் பாதிக்கக்கூடும் என்றும் மருத்துவர்கள் கருதுகிறார்கள். மனம் தளர்ந்தவர் மருந்து பூசுவதையும் விட்டுவிடுவார், மன அழுத்தத்தால் படையும் கூடும். ஆகவே அந்தத் தாள் தோல் வைத்தியத்தின் ஒரு பகுதிதான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு, மொத்தம் 27. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் விரிவாக விசாரிப்பார். அந்த எண்ணே நோய் முடிவாகிவிடாது. உறக்கம், களைப்பு பற்றிய கேள்விகளில் உங்கள் கணவர் போன்றவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: அரிப்பினால் பாதி இரவு விழித்திருந்துவிட்டு, விடியுமுன் பால் வெட்டப் போகிறவருக்கு, மனச்சோர்வு இல்லாவிட்டாலும் அங்கே மதிப்பெண் கூடிவிடும். அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிலும் ஆர்வமில்லை, மனம் பாரமாக இருக்கிறது என்பவற்றைக் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளை அரிப்பை மட்டும் காரணமாகச் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அவர் கோயில் கொடைக்கு வராமல் இருப்பது படையைப் பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சத்தாலா, போகவேண்டும் என்ற ஆசையே அற்றுப்போனதாலா என்று சாவகாசமாகக் கேட்டுப்பாருங்கள். இரண்டுக்கும் உதவி உண்டு, ஆனால் அவை வேறு வேறு.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டபின் பலருக்குப் பேச வாய் திறக்கிறது. அங்கே 0 அல்லாத எந்த விடை வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட்டையும் பூச்சிமருந்தையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டி வந்தால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே சொரியாசிஸ் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் லித்தியம் போன்ற சில மனநல மருந்துகள் அதை அதிகப்படுத்தக்கூடும். சித்த வைத்தியத் தைலமோ மருந்தோ எடுத்தால் அதையும் மறைக்க வேண்டாம். இப்போது சாப்பிடும் மாத்திரைகளை, முக்கியமாக ஸ்டீராய்டை, டாக்டரைக் கேட்காமல் அவர் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாளை அடுத்த முறை காட்டும் நாள்வரை வைத்திருக்காமல் இந்த வாரமே கொண்டு போய்க் கொடுங்கள்.