ஹோமோசைகஸ் எஃப்எச்: உலகப் பதிவேடுகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு): சார், மகளுக்கு 7 வயது. முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சளாகத் தடிப்பு. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 610. ஹோமோசைகஸ் எஃப்எச், அதாவது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் பிறவிக் கொழுப்பு நோய் என்கிறார்கள். உலகப் பதிவேட்டில் நாங்களே சேரலாமா?

பதில்: எச்ஐசிசி என்ற அந்தப் பதிவேட்டுக்கு மருத்துவர்கள்தான் விவரம் அனுப்புவார்கள் அம்மா. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சுமார் 3 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. 38 நாடுகளைத் திரட்டிய பிறகுதான் 751 பேர் கிடைத்தார்கள். 2022ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அந்த ஆய்வில், பாதிப் பேருக்கு 12 வயதுக்கு மேல்தான் நோய் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, அதை வீணாக்காதீர்கள். எக்கோ எடுத்து பெருந்தமனி வால்வைப் பாருங்கள். உங்கள் இருவருக்கும், கூடப் பிறந்த பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: முட்டை மஞ்சள் கருவை விட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து பிடித்து இழுக்கும் ஏற்பி ஈரலில் பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. பத்தியம் நல்லது, ஆனால் போதாது.

கேள்வி: எனக்கு மொத்தக் கொழுப்பு 240. நானும் பதிவு செய்யணுமா?

பதில்: வேண்டாம். உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (மதுரை): விலை உயர்ந்த மருந்தெல்லாம் பணக்கார நாட்டுக்குத்தான். பதிவேட்டால் நமக்கு என்ன லாபம்?

பதில்: நீங்கள் சொல்லும் அநியாயத்தை எண்ணிக்கையாகக் காட்டியதே அந்தப் பதிவேடுதான். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கொழுப்புக் குறைப்பு சிகிச்சை கிடைத்தவர்கள் பணக்கார நாடுகளில் 66 சதவீதம், மற்ற நாடுகளில் 24. முதல் பெரிய இதய பாதிப்பு வந்த இடைநிலை வயது அங்கே 37, இங்கே 24.5. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வித்தியாசம்!

அவரே மீண்டும்: தெரிந்து என்ன பயன்? மருந்து வந்ததா?

பதில்: மருந்து கேட்டு அரசிடம் போனால் முதலில் கேட்பது, "எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்பதுதான். கையில் கணக்கில்லாமல் போனால் வெறும் மனுவாகத்தான் நிற்கும். அதுவரை கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், எசெட்டிமைப் மாத்திரைகள் மலிவாகவே கிடைக்கின்றன, அதையாவது சின்ன வயதிலேயே தொடங்கலாமே. அதற்கும் வழியில்லாமல் பிள்ளைகள் சாவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேள்வி: பூண்டு, வெந்தயம்?

பதில்: முட்டைக்குச் சொன்னதேதான். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மாமன் மகளைக் கட்டியதால் வந்ததா?

பதில்: பெற்றோர் இருவரிடமும் குறைபாடுள்ள மரபணு இருந்தால்தான் இந்த நோய் வரும். சொந்தத்தில் கட்டினால் அந்த வாய்ப்பு கூடும். யாரையும் குறை சொல்லாமல், அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுங்கள்.