கேள்வி – பதில்: சாம்பார் வழிந்தால் சுடர் மஞ்சளாவது ஏன்?

கேள்வி: சாம்பார் பொங்கி வழிந்து பர்னரில் படும்போது, நீலமாக எரியும் கேஸ் அடுப்பின் சுடர் சட்டென்று மஞ்சளாகிறது. உப்பு எரிகிறது என்கிறார் என் மாமியார். உப்பு எரியுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உப்பு எரிவதில்லை, ஆனால் மஞ்சளுக்குக் காரணம் உப்புதான் என்ற அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரி. சுடரில் பட்ட உப்பு ஆவியாகிச் சிதையும்போது சோடியம் தனித்தனி அணுக்களாகப் பிரிகிறது. சோடியத்தின் 11 எலக்ட்ரான்களில் அணுக்கருவைச் சுற்றியுள்ள அடுக்குகளான கூடுகளில் முதலாவதில் 2, இரண்டாவதில் 8 போக, மீதமுள்ள ஒன்று மட்டும் வெளிக்கூட்டில் தளர்வாக இருக்கிறது. சூட்டில் அது மேல் ஆற்றல் மட்டத்துக்குத் தாவி, உடனே பழைய இடத்துக்கு இறங்கும்போது, இரு மட்டங்களுக்கும் இடையிலுள்ள சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை ஒளியாக விட்டுவிடுகிறது. அந்த ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 589 நானோமீட்டர். அதுவே நீங்கள் காணும் மஞ்சள். எல்இடி வருவதற்கு முன் சென்னைச் சாலைகளில் எரிந்த சோடியம் ஆவி விளக்குகளின் நிறத்துக்கும் அடிப்படை இதே சோடியம் அணுதான்.

ஒவ்வொரு தனிமத்துக்கும் மட்டங்களின் இடைவெளி வேறு என்பதால், ஒளியை நிறமாலையாக, அதாவது நிறவாரியாக விரிந்த பட்டையாக, பிரித்துப் பார்த்தே தனிமத்தை அடையாளம் காணலாம். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண, நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்கும், பிரான்சின் வானியலாளர் ழான்சென் குண்டூருக்கும் சென்றிருந்தார்கள். அந்த ஆண்டு சூரிய ஒளியின் நிறமாலையில் காணப்பட்ட மஞ்சள் கோடு, முதலில் நினைத்ததுபோல் சோடியத்தினுடையது அன்று. சற்றே விலகி 587.6 நானோமீட்டரில் இருந்த அது, ஹீலியத்தினுடையது. பூமியில் ஹீலியத்தை வேதியியலாளர் ராம்சே பிரித்தெடுத்தது 1895இல்தான்.

எதுவும் வழியாமலேயே சுடர் எப்போதும் மஞ்சளாக எரிந்தால் அது வேறு கதை: காற்று போதாமல் உண்டாகும் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்கின்றன. பர்னரின் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கிறது; குளோரின் நச்சு வாயு. இரண்டும் சேர்ந்த உப்பை எப்படிச் சாப்பிடுகிறோம்?
– மாணவர், திருவொற்றியூர்

பதில்: ஒரு பொருளின் வேதிக்குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வெளிக்கூட்டு எலக்ட்ரான்களே. சோடியத்தின் வேகமெல்லாம் அந்த ஒற்றை எலக்ட்ரானை யாரிடமாவது தள்ளிவிடத் துடிப்பதால் வருவது; குளோரினுக்கோ வெளிக்கூட்டில் 7 இருப்பதால் ஒன்று குறைகிறது. உப்பில் கொடுக்கல் வாங்கல் ஏற்கெனவே முடிந்து, இரண்டும் வெளிக்கூட்டில் எட்டெட்டு எலக்ட்ரான்களுடன் அயனிகளாக (மின்னேற்றம் பெற்ற அணுக்களாக) அமைந்துவிட்டன. அணுக்கருக்கள் மட்டும் மாறவேயில்லை. அதனால்தான் உப்பை உருக்கி மின்சாரம் செலுத்தினால், அதே முரட்டு சோடியமும் அதே நச்சுக் குளோரினும் திரும்பக் கிடைக்கின்றன. தொழிற்சாலைகளில் சோடியம் தயாரிக்கப்படுவதும் இந்த முறையில்தான்.