1969-ல சஞ்சீவ ரெட்டி ஜெயிச்சிருந்தா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நண்பர்களோட பேசிட்டிருந்தப்ப 1969 ஜனாதிபதி தேர்தல் பத்தி பெரிய வாக்குவாதம் வந்துருச்சு. நீலம் சஞ்சீவ ரெட்டி மட்டும் ஜெயிச்சிருந்தா காங்கிரஸ் உடைஞ்சிருக்காது, பேங்க் தேசியமயம் நடந்திருக்காது, எமர்ஜென்சியும் வந்திருக்காது, அவரு கையெழுத்தே போட்டிருக்க மாட்டாருன்னு ஒருத்தர் அடிச்சு சொல்றார். இன்னொருத்தர், ஜனாதிபதிங்கறவர் நீட்டின இடத்துல கையெழுத்து போடுறவர், கிரி வந்தா என்ன ரெட்டி வந்தா என்ன, எல்லாம் இதே மாதிரிதான் போயிருக்கும்ங்கறார். எனக்கு ரெண்டுமே முழுசா சரின்னு படல. நீங்க என்ன நினைக்கிறீங்க? அப்படியே இன்னொண்ணு, காமராஜர் பிரதமர் ஆக வாய்ப்பு இருந்திருக்குமா?

ஆர்.கே.

அன்புள்ள ஆர்.கே.,

உங்க நண்பர்கள் ரெண்டு பேரும் ராஷ்டிரபதி பவனையே பார்த்துட்டு இருக்காங்க. அந்தத் தேர்தல் முடிவோட பலன் அங்க விழல, காங்கிரஸ் எம்பிக்கள் மேல விழுந்துச்சு. 1969 ஆகஸ்ட் 20 அன்னைக்கு கவுண்டிங் முடியற வரைக்கும் அந்தக் கட்சில பாதிப் பேர் மதில் மேல் பூனை. இந்திராவா, அவரை எதிர்த்த கட்சியோட மூத்த தலைவர்கள் கூட்டமான சிண்டிகேட்டான்னு முடிவு பண்ணாம யார் கை ஓங்குதுன்னு பார்த்துட்டே இருந்தாங்க. ரிசல்ட் வந்துச்சு, குதிச்சுட்டாங்க. அதனால ரிசல்ட் மாறியிருந்தா குதிச்ச பக்கமும் மாறியிருக்கும்னு நான் உறுதியா நம்பறேன்.

பின்னணிய சுருக்கமா சொல்லிடறேன். மே 3 அன்னைக்கு ஜாகிர் உசேன் பதவில இருக்கும்போதே இறந்துபோறார், துணை ஜனாதிபதியா இருந்த வி.வி.கிரி தற்காலிகமா பொறுப்பேத்துக்கறார். ஜூலைல பெங்களூருல கூடின காங்கிரஸ் பார்லிமென்ட்ரி போர்டு, ஜெகஜீவன்ராம் வேணும்னு கேட்ட இந்திராவை மீறி ரெட்டிய வேட்பாளர் ஆக்குச்சு. கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, காமராஜர், எஸ்.கே.பாட்டீல், மொரார்ஜி எல்லாம் ஒரு பக்கம், உள்துறை மந்திரி சவானும் அன்னைக்கு அவங்க கூடத்தான் நின்னார், இத ஞாபகம் வச்சுக்கோங்க. டெல்லி திரும்பின இந்திரா மொரார்ஜிகிட்ட இருந்து நிதி இலாகாவைப் பறிச்சார், ஜூலை 19 அன்னைக்கு 14 பேங்குகள தேசியமயமாக்கினார், அந்த அவசரச் சட்டத்துல கையெழுத்து போட்டதே தற்காலிக ஜனாதிபதி கிரிதான். ஆக, முதல் நண்பர் சொன்ன பேங்க் விஷயம் தேர்தலுக்கு முன்னாடியே முடிஞ்சுபோன ஒண்ணு, அத இந்தக் கணக்குல சேர்க்கவே கூடாது. அடுத்த நாளே கிரி ராஜினாமா பண்ணிட்டு சுயேச்சையா நின்னார். ரெட்டியோட வேட்புமனுல கையெழுத்து போட்ட இந்திராவே கடைசில எல்லாரும் மனசாட்சிப்படி ஓட்டு போடுங்கன்னு சொல்லிட்டார்.

இப்ப எண்களுக்கு வருவோம், ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு. முதல் விருப்ப ஓட்டுல கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, வலதுசாரிக் கட்சிகளான சுதந்திராவும் ஜனசங்கமும் நிறுத்தின சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. யாருக்கும் பாதி தாண்டல, அதனால கீழ இருந்தவங்கள நீக்கி, அவங்க ஓட்டுல அடுத்த விருப்பமா யார் பேர் இருந்துச்சோ அவருக்குச் சேர்த்து எண்ணினாங்க. இந்திய ஜனாதிபதி தேர்தல் வரலாற்றுலயே இரண்டாவது விருப்ப ஓட்டை எண்ண வேண்டி வந்தது அந்த ஒரே ஒரு தடவைதான். அத எண்ணினப்ப ரெட்டிக்கு கிட்டத்தட்ட 92 ஆயிரம் கூடுச்சு, கிரிக்கு 18 ஆயிரத்துச் சொச்சம்தான் கூடுச்சு, ஆனாலும் கடைசில 4,20,077-க்கு 4,05,427-ன்னு கிரி ஜெயிச்சார். வித்தியாசம் 14,650. கேட்க பெருசா தெரியும், ஆனா ஜனாதிபதி தேர்தல்ல ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு, அப்ப ஒரு எம்பி ஓட்டோட மதிப்பு 576. கிரிக்கு போட்டவங்கள்ல வெறும் 13 எம்பிக்கள் ரெட்டிக்கு போட்டிருந்தா அவரு ஜனாதிபதி! அவ்வளவு மெல்லிசான வித்தியாசம், அதனாலதான் ‘மாறியிருந்தா’ன்னு கேட்கறது இங்க வெட்டிப் பேச்சு இல்ல.

அந்த 13 பேர் எங்க இருந்து வந்திருக்க முடியும்? திமுகல இருந்து வந்திருக்க முடியாது. 1967-ல ஜெயிச்ச அவங்க 25 லோக்சபா எம்பிக்களோட ஓட்டு மட்டுமே 14,400, சட்டசபை எம்எல்ஏக்கள் தனி. ஆனா காமராஜரைத் தோக்கடிச்சு ரெண்டே வருஷம் ஆன கட்சி அவரோட ஆளுக்கு எப்படி ஓட்டு போடும், அதுவும் கிரி 1937-லயே மெட்ராஸ்ல ராஜாஜி மந்திரிசபைல தொழிலாளர் மந்திரியா இருந்தவர், இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச முகம். மாறியிருக்கணும்னா காங்கிரஸுக்குள்ளதான் மாறியிருக்கணும். நிஜலிங்கப்பா ஒரு காரியம் பண்ணினார், ரெட்டிக்கு இரண்டாவது விருப்ப ஓட்டு கேட்டு ஜனசங்கத்தோடயும் சுதந்திராவோடயும் பேசப் போனார். இந்திரா தரப்பு அதைப் பிடிச்சுக்கிட்டு, பாருங்க வலதுசாரிகளோட கூட்டு சேர்ந்துட்டாங்கன்னு நாடு முழுக்கப் பேசுச்சு, தயங்கிட்டிருந்த இடதுசாரி மனசு கொண்ட காங்கிரஸ்காரங்க கிரி பக்கம் போக அது ஒரு நல்ல காரணமா அமைஞ்சுருச்சு. அவரு பேசாமயே இருந்திருந்தாலும் கம்யூனிஸ்டுகள் ஆதரிச்ச கிரிக்கு எதிரா அந்தக் கட்சிகளோட இரண்டாவது ஓட்டு ரெட்டிக்குத்தான் பெரும்பாலும் வந்திருக்கும். என் பார்வைல திருப்புமுனை அதுதான், தானா வரவேண்டியத கேட்கப் போய் கையில இருந்தத விட்டுட்டாங்க.

சரி, ரெட்டி ஜெயிச்சிட்டார்னு வைங்க. சொந்தக் கட்சி வேட்பாளரைத் தோக்கடிக்கப் பார்த்து அதுவும் முடியாமப் போன பிரதமர் நாற்காலில எத்தன நாள் இருந்திருக்க முடியும்? நிஜத்துல நவம்பர்ல கட்சி உடைஞ்சப்ப லோக்சபா காங்கிரஸ் எம்பிக்கள்ல பெரும்பகுதி இந்திரா கூடப் போச்சு, பெங்களூருல ரெட்டிக்கு கை தூக்கின சவான் உட்பட. ஜெயிச்சவங்க பக்கம் போற கூட்டம் அது. ரெட்டி ஜெயிச்சிருந்தா அந்தக் கூட்டம் அங்கயே நின்னு, பார்லிமென்ட்ரி கட்சிக் கூட்டத்துல இந்திராவை மாத்தியிருக்கும்னு நான் நினைக்கிறேன். அடுத்த பிரதமர் மொரார்ஜின்னு எல்லாரும் சொல்வாங்க, எனக்கு அதுல சந்தேகம். 1964-ல சாஸ்திரியைக் கொண்டுவந்து மொரார்ஜியைத் தடுத்ததும் 1966-ல இந்திராவுக்கு 355-க்கு 169-ன்னு ஜெயிச்சுக் கொடுத்ததும் இதே காமராஜர்தான், மூணே வருஷத்துல மொரார்ஜியைக் கூப்பிட்டு உக்கார வைப்பாரா? சவானுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்திரா அதோட காணாமப் போயிருப்பார்னும் நினைக்காதீங்க. பேங்க் தேசியமயத்தால ஜனங்ககிட்ட கிடைச்ச பேர் எங்கயும் போயிருக்காது, வெளிய இருந்து 1972 தேர்தல்ல சண்டை போட்டிருப்பார். ஆனா 1971 இடைக்காலத் தேர்தல் நடந்திருக்காது, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமாப் படுது. கட்சி உடைஞ்சு மைனாரிட்டியா ஆனதுனாலதான் இந்திரா ஒரு வருஷம் முன்னாடியே லோக்சபாவைக் கலைக்கச் சொன்னார், கிரி 1970 டிசம்பர் 27 அன்னைக்கு கலைச்சார், அடுத்த மார்ச்சுல இந்திரா 352 சீட்டோட வந்தார். அந்தத் தேர்தல்ல ரேபரேலில தோத்த ராஜ்நாராயண் போட்ட கேஸ்லதான் 1975 ஜூன் 12 அன்னைக்கு இந்திரா ஜெயிச்சது செல்லாதுன்னு அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்பு வந்துச்சு, ரெண்டு வாரத்துல எமர்ஜென்சி. இடைக்காலத் தேர்தல் இல்லன்னா அந்தக் கேஸ் இல்ல, அந்த ஜூனும் இல்ல. எண்ணெய் விலை ஏத்தம், குஜராத் மாணவர் போராட்டம், பீகார்ல ஜெயப்பிரகாஷ் நாராயண் (ஜேபி) இயக்கம், 1974 ரயில்வே ஸ்ட்ரைக்னு நாடு கொந்தளிச்சதுக்கு வேற காரணங்களும் இருந்துச்சு, அதெல்லாம் யார் பிரதமரா இருந்தாலும் வந்திருக்கும், ஆனா எமர்ஜென்சிதான் அதுக்கு பதில்னு எல்லாரும் போயிருக்க மாட்டாங்க.

ரெட்டி கையெழுத்து போட்டிருக்க மாட்டார்ங்கற வாதம் மட்டும் நிக்கவே நிக்காது. 1969-ல வந்திருந்தா அவரு பதவிக்காலம் 1974 ஆகஸ்டோட முடிஞ்சிருக்கும். எமர்ஜென்சில கையெழுத்து போட்டவர் அதுக்கப்புறம் வந்த பக்ருதீன் அலி அகமது. ரெட்டி எப்படிப்பட்ட ஜனாதிபதின்னு ஊகிக்கவும் வேண்டியதில்ல, 1977-ல அவரு போட்டியே இல்லாம ஜனாதிபதி ஆனார். 1979-ல சரண்சிங் லோக்சபாவை ஒரு நாள்கூட சந்திக்காம ராஜினாமா பண்ணி சபையைக் கலைக்கச் சொன்னப்ப, ஆட்சி அமைக்கத் தயாரா இருந்த ஜெகஜீவன்ராமுக்கு வாய்ப்பு கொடுக்காம கலைச்சவர் அவர். கடிவாளமா இருந்திருப்பார்னு நம்ப எனக்கு அதுல ஆதாரம் கிடைக்கல.

தமிழ்நாட்டுக்கு வரேன், மனசு வருத்தப்படறது இங்கதான். காங்கிரஸ் உடைஞ்சு இந்திரா மைனாரிட்டி ஆனதும் திமுகவுக்கு டெல்லில பிடி கிடைச்சது. 1971-ல இந்திரா காங்கிரஸ் இங்க லோக்சபா சீட்டோட நிறுத்திக்கிட்டு சட்டசபைக்கு ஒரு இடத்துல கூட நிக்கல. 9 எம்பி அவங்களுக்கு, 184 எம்எல்ஏ திமுகவுக்கு. காமராஜரோட பழைய காங்கிரஸ் கிட்டத்தட்ட 35 சதவீத ஓட்டு வாங்கியும் 15 இடம்தான், லோக்சபாவுக்கு நாகர்கோவில்ல அவரு ஒருத்தர்தான் ஜெயிச்சார். 1967-ல தோத்தப்பகூட திமுகவை விடக் கொஞ்சம் அதிகமா 41 சதவீத ஓட்டு வாங்கின கட்சி அது! உடையாம 1972 சட்டசபைத் தேர்தலுக்கு போயிருந்தா ஜெயிச்சிருக்கும்னு சொல்ல வரல, ஆனா நிஜமான போட்டியா இருந்திருக்கும். டெல்லிக்கு எம்பி, கோட்டை உங்களுக்குங்கற அந்த 1971 பேரம்தான் ஒரு தேசியக் கட்சி இங்க தானா நிக்கற பழக்கத்தையே அழிச்சது, அதுக்கப்புறம் அதிமுகவா திமுகவான்னு யார் தோள்ல ஏறறதுங்கறதே அவங்க அரசியல் ஆயிருச்சு. ஊர் ஊருக்குப் பள்ளிக்கூடம் திறந்த கட்சிக்கு இது வரவேண்டிய கதியா, எனக்கு இன்னும் ஆறல.

காமராஜர் பிரதமர்? வாய்ப்பு இல்ல. 1966-ல சாஸ்திரி இறந்தப்ப அவரு சரின்னு சொல்லியிருந்தா ஆகியிருக்கலாம், அவரே வேண்டாம்னுட்டார். 1969-ல தேர்தல்ல ஜெயிச்ச தெம்புல இருந்தாலும் அதேதான் பண்ணியிருப்பார், சவானையோ வேற யாரையோ உக்கார வச்சுட்டு இங்க வந்து 1972-க்கு கட்சி வேலை பார்த்திருப்பார். நாகர்கோவில் இடைத்தேர்தல்ல அந்த வருஷம் ஜனவரிலதான் ஜெயிச்சு வந்திருந்தார், அவரு கண்ணு தமிழ்நாட்டு மேலதான் இருந்துச்சு.