பில்லில் நிற்கும் கிரெடிட்டை இப்போதே திருப்பி வாங்கலாமா?

தம்பி, மே மாதம் கவென்ட்ரியில் குடிவந்து, கேஸுக்கும் கரண்டுக்கும் சேர்த்து மாதம் 120 பவுண்டு டைரக்ட் டெபிட்டில், அதாவது பேங்கிலிருந்து தானாகவே போகிற மாதிரி, கட்டுகிறீர்கள். செப்டம்பர் பில்லில் 245 பவுண்டு கிரெடிட், அதாவது செலவுக்கு மேல் கட்டிய பணம், நிற்கிறது. வேலையிடத்தில் எல்லாரும் "உடனே கேட்டு வாங்கு, விட்டால் கம்பெனி விழுங்கிவிடும்" என்கிறார்கள், வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு கேள்வியும் இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நம் ஆட்கள் ஆளாளுக்கு ஒன்று சொல்லிப் புதிதாக வந்தவர்களைக் குழப்புவதும் இதில்தான்.

அது உங்கள் பணம், அதில் சந்தேகமே வேண்டாம். கேட்டால் கொடுக்க வேண்டும், மறுத்தால் நியாயமான காரணம் சொல்ல வேண்டும் என்று, கேஸ், கரண்ட் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் அமைப்பின் விதியே இருக்கிறது. யாரும் விழுங்க முடியாது. 2021இல் கேஸ் விலை எகிறி இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் மூடின. அப்போதுகூட வீட்டுக்காரர்களின் கிரெடிட் போகவில்லை. அதனால் பயந்துகொண்டு ஓடிப்போய் எடுக்க வேண்டியதில்லை.

ஊரில் ஈபிக்காரர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து கணக்கெடுப்பார், ஓடின யூனிட்டுக்குக் கட்டுவோம், முடிந்தது. இங்கே வருஷச் செலவைக் குத்துமதிப்பாகப் போட்டு, பன்னிரண்டாகப் பிரித்து, மாதாமாதம் ஒரே தொகையாக எடுக்கிறார்கள். உங்கள் கணக்கையே பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதத்தில் 600 பவுண்டு கட்டியிருக்கிறீர்கள், செலவு 355தான். ஹீட்டிங் போடவில்லை, அவ்வளவுதான் காரணம். இனி அக்டோபரில் 110, நவம்பரில் 150, டிசம்பரில் 190, ஜனவரியில் 200, பிப்ரவரியில் 180 என்று ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டுவது அதே 120. பிப்ரவரி முடியும்போது கையில் நிற்பது 15 பவுண்டு. இப்போது 245ஐ எடுத்துச் செலவழித்துவிட்டால் அதே பிப்ரவரியில் 230 பவுண்டு கடன் நிற்கும், உடனே மாதத் தொகையையும் ஏற்றிவிடுவார்கள். குளிர் காலத்தில்தான் எல்லாச் செலவும் சேர்ந்து வரும் தம்பி, அந்த நேரத்தில் இந்த அடி வேண்டாம்.

கிரெடிட்டைக் கேட்க சரியான நேரம் ஏப்ரல், மே. குளிர் முடிந்த பிறகும் ஒரு மாதத் தவணைக்கு மேல் நின்றால், அது அவர்கள் உங்களிடம் கூடுதலாக வாங்கியது. அப்போது தயங்காமல் கேளுங்கள், மாதத் தொகையையும் குறைக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் அந்த 245 உண்மையான எண்ணாக இருந்தால்தான். பில்லில் ரீடிங்குக்குப் பக்கத்தில் பாருங்கள். எஸ்டிமேட்டட் என்றோ, சுருக்கமாக 'ஈ' என்றோ போட்டிருந்தால், அது அவர்கள் ஊகித்த எண். நீங்கள் உண்மையில் அதிகம் ஓட்டியிருந்தால் கிரெடிட்டே இல்லை, கடன்தான் ஒளிந்திருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள், சிக்னல் போனால் அதுவும் ரீடிங் அனுப்பாது, பில் மறுபடி ஊகத்துக்குப் போய்விடும். குடிவந்த அன்று ரீடிங் கொடுத்தீர்களா என்று எழுதவில்லையே? கொடுக்காவிட்டால் முந்தைய ஆள் ஓட்டியதும் உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். வீட்டைக் கொடுத்த ஏஜென்ட்டிடம் சாமான் பட்டியல் இருக்கும், அதில் பெரும்பாலும் குடிவந்த அன்றைய மீட்டர் ரீடிங்கும் எழுதியிருப்பார்கள். கேட்டு வாங்குங்கள். கேஸ் மீட்டர் பழைய கன அடி மீட்டரா, புதிய கன மீட்டர் மீட்டரா என்பதையும் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றிப் போட்டுவிட்டால் கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்கு தப்பும்.

நான் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி இரண்டு மீட்டரையும் போட்டோ எடுத்து, ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். ஒரு ஏப்ரலில், கிரெடிட் நிற்கும்போதே என் தவணையை 95இலிருந்து 150 ஆக்கிவிட்டார்கள். இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம் அது. போன் போட்டு, நோட்டைப் பார்த்து வரிசையாக ரீடிங்கைப் படித்து, 150 எப்படி வந்தது என்று கணக்குக் காட்டச் சொன்னேன். காட்ட முடியவில்லை, 95க்கே இறங்கியது. நோட்டு இருந்தால் நம் உச்சரிப்பைப் பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை, எண்ணைச் சொன்னால் போதும். அப்படியும் மசியவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், இந்தப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பதற்கென்றே எனர்ஜி ஆம்பட்ஸ்மன் இருக்கிறார், காசு கிடையாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கோபத்தில் பேங்க் ஆப்பில் டைரக்ட் டெபிட்டை ரத்து செய்யச் சொல்லி வாட்ஸ்அப்பில் யோசனை சொல்கிறவர்கள் உண்டு. சொல்கிறவருக்கு வீடு, பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) எல்லாம் ஆகிவிட்டது. உங்களுக்கு யூனிட் விலையும் கூடலாம், கட்டவில்லை என்று கிரெடிட் ரிப்போர்ட்டிலும் (நீங்கள் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் பதிவு) ஏறலாம். வந்த முதல் வருஷத்தில் போன் கான்ட்ராக்ட் வாங்கக்கூட அந்த ரிப்போர்ட் வேண்டும்.

உங்கள் மற்ற கேள்விகள்: எந்தக் கம்பெனி என்பதில் நான் தலையிடுவதில்லை. கேஸ் ஹீட்டிங்குக்குப் பதிலாகக் கரண்ட் ஹீட்டர் வேண்டாம், ஒரு யூனிட் கேஸ் விலை, கரண்ட் யூனிட் விலையில் கால்வாசிதான்.

வீட்டைக் காலி செய்யும்போதுதான் கிரெடிட் அதிகம் தொலைகிறது. கடைசி நாள் ரீடிங், புது முகவரி, பேங்க் கணக்கு, மூன்றையும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஆறு வாரத்துக்குள் கடைசி பில் வர வேண்டும். ஷேரிங் வீடென்றால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம் திரும்பும். ஐந்து பேரிடம் மாதாமாதம் பில் காசு வாங்கி, கடைசியில் வந்த கிரெடிட்டைத் தன் பையில் போட்டுக்கொண்ட மூத்தவர்களை எனக்குத் தெரியும். கோயில் கமிட்டியில் முன்வரிசையில் நிற்பார்கள். புதிதாக வந்த பிள்ளைகளின் காசு அது, எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

நான் 2006இல் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இறங்கியபோது இந்தக் கிரெடிட் பேச்சே இல்லை. மாடிப்படிக்கு அடியில் ப்ரீபேமெண்ட் மீட்டர். பிளாஸ்டிக் சாவியைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பணம் ஏற்றி வந்து செருக வேண்டும். பத்து பவுண்டு ஏற்றினால் திரையில் ஆறுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்றுதான் வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். எதிர் வீட்டு இலங்கை அக்கா வந்து மீட்டரில் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது முதல் இருந்த ஆக்களின்ர கடன், உங்களிட்ட கழிச்சுக்கொண்டிருக்கிறாங்கள்" என்றார். அவரே கம்பெனிக்குப் போன் போட்டு, என்னை வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வரச் சொல்லி, தேதியைப் படித்துக் காட்டினார். கடனை எடுத்துவிட்டு, கழித்ததையும் சாவியில் ஏற்றிக் கொடுத்தார்கள். அடுத்து நீங்கள் பார்க்கும் வீட்டில் அப்படி ஒரு மீட்டர் இருந்தால், முதல் தடவை பணம் ஏற்றுவதற்கு முன்பே கம்பெனிக்குப் போன் செய்து, இன்ன தேதியில் குடிவந்தேன் என்று பெயரைப் பதிந்துவிடுங்கள்.