தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டு

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். வெஸ்ட்வில்லில் 97 வயதான டச்சுப் பாட்டி ஒருவரைப் பகல் முழுவதும் கவனித்துக்கொள்ளும் வேலை எனக்கு. வீட்டார் அழைப்பது போலவே நானும் அவரை 'ஓமா' (டச்சில் பாட்டி) என்று அழைக்கிறேன். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தவர், 1952-ல் கணவருடன் கப்பலேறி இங்கு வந்தவர், நான்கு பிள்ளைகளைப் பெற்றுக் கொள்ளுப்பேரர்கள் வரை கண்டவர். தட்டில் வைக்கும் ரொட்டியில் பாதியைக் கைக்குட்டையில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறார். அது பூசணம் பிடித்து எறும்பு மொய்க்கிறது. எடுத்து எறிந்தால் அழுகிறார். உருளைக்கிழங்குத் தோலைக் குப்பையில் போட்டாலும் கோபம் வருகிறது. இதற்கு என்ன செய்வது? இரண்டாவது, அடுத்த பிறந்தநாளுக்கு ஓமாவின் வாழ்க்கைக் கதையை எழுதித் தரும்படி கொள்ளுப்பேத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள். போரைப் பற்றிக் கேட்டால் ஓமா வாய் திறப்பதில்லை. மூன்றாவது, வானத்திலிருந்து வெள்ளை ரொட்டி விழுந்தது என்று அடிக்கடி சொல்கிறார். மகன் சிரிக்கிறார். அதை எழுதலாமா?

— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த ரொட்டியை இனி அவர் கண்ணெதிரே எறியாதீர்கள். அது மறதி நோயின் கோளாறு என்று வீட்டார் சொல்லக்கூடும். மறதி இருக்கவும் கூடும், அதை மருத்துவர் பார்க்கட்டும். ஆனால் உங்கள் ஓமாவின் வயதில், ராட்டர்டாமில் பிறந்து வளர்ந்த ஒருவர் ரொட்டியை ஒளித்துவைப்பதற்கு நோயைவிடப் பழைய காரணம் ஒன்று உண்டு.

1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் அந்நகரின் நடுப்பகுதியைக் குண்டு வீசி அழித்தபோது அவர் பள்ளிச் சிறுமி. சுமார் 80,000 பேர் அன்று வீடிழந்தார்கள். ஆனாலும் அந்நாட்டு முதியவர்கள் பலர் குண்டுகளைவிட அதிகமாகப் பேசுவது 1944-45 குளிர்காலத்தைப் பற்றித்தான். 'பசிக் குளிர்காலம்' என்றே அதற்குப் பெயர். நேச நாட்டுப் படைகள் தெற்கே வந்துவிட்ட அந்த செப்டம்பரில், ஜெர்மானியர் நாட்டைப் பிடித்ததும் லண்டனுக்குப் பெயர்ந்திருந்த டச்சு அரசின் சொற்படி ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குப் பழிவாங்க, மேற்கு நகரங்களுக்கு உணவு போகும் வழியை ஜெர்மானியர் அடைத்தார்கள். பிறகு படகில் கொண்டுவர அவர்கள் இசைந்தும், கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்துபோயின. ரேஷன் அளவு நவம்பர் இறுதியில் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கி, பிப்ரவரி இறுதியில் சுமார் 580 ஆகிவிட்டது. அந்தப் பசியிலும் குளிரிலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர்.

ராட்டர்டாமுக்கு மட்டும் இன்னொரு அடியும் விழுந்தது. நவம்பர் 10, 11 தேதிகளில் ஜெர்மன் படையினர் வீடு வீடாகப் புகுந்து, 17 முதல் 40 வயது வரையுள்ள ஆண்களில் சுமார் 50,000 பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்துச் சென்றார்கள். உணவு தேடிப் போகும் பாரம் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. டயர் இல்லாத சைக்கிளையும் குழந்தை வண்டியையும் பனியில் தள்ளிக்கொண்டு பண்ணை பண்ணையாக நடந்து, படுக்கை விரிப்பையும் நகையையும் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கிவந்தார்கள். அது கிடைக்காதபோது சர்க்கரைக் கிழங்கைத் துருவி வேகவைத்தார்கள். துலிப் பூச்செடியின் கிழங்கைப் பிளந்து, நடுவிலுள்ள மஞ்சள் குருத்தை நீக்கிவிட்டு உண்டார்கள். உருளைக்கிழங்குத் தோல் அந்த வீடுகளில் குப்பை அன்று, ஒரு வேளைச் சாப்பாடு.

நமக்கும் இது முற்றிலும் அந்நியமான சங்கதி அல்ல. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசம் போனதும் நம் நேட்டால் மாகாணத்துக்கு அரிசி வருவது அருகி, இங்குள்ள இந்தியரான நம்மவர் வீடுகளில் மீலி ரைஸ் என்னும் சோள நொய்யை வடித்துத் தின்றார்கள். டோங்காட்டில் இருந்த என் ஆயா (பாட்டி), கடைசிக் காலம் வரை அரிசி டின்னின் அடி தெரிய விட்டதில்லை. இரண்டு படி மிச்சமிருக்கும்போதே கடைக்கு ஆள் அனுப்பிவிடுவார். அதை நாங்கள் சிக்கனம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. மூடியுள்ள தகர டின் ஒன்றை வாங்கி, அதில் ரஸ்க் நிரப்பி, அவர் கைக்கு எட்டும்படி கட்டிலருகே வையுங்கள். காலையில் வந்ததும் ஒருமுறை, மாலையில் கிளம்பும் முன் ஒருமுறை மூடியைத் திறந்து அவரிடம் காட்டுங்கள். பழசானதை அவர் உறங்கும்போது மாற்றுங்கள். டின் ஒருபோதும் காலியாக இருக்கக்கூடாது. சில நாளில் கைக்குட்டை முடிச்சு குறையலாம், குறையாமலும் போகலாம். இந்த வயதில் விழுங்குவது சிரமம் என்பதால் ரஸ்க்கைத் தேநீரில் நனைத்தே உண்ணக் கொடுங்கள். உருளைக்கிழங்குத் தோலை அவர் எதிரிலேயே கழுவி ஒரு கிண்ணத்தில் போட்டு, தோட்டத்து உரக்குழிக்குப் போகிறது என்று சொல்லுங்கள். சொன்னபடி கொண்டுபோய்ப் போடவும் வேண்டும், அவர் ஜன்னல் வழியே பார்ப்பார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். போரில் என்ன நடந்தது என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. அது சரித்திர ஆசிரியரின் கேள்வி. நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டே, அந்தக் குளிரில் அடுப்பை யார் மூட்டினார்கள், எதை எரித்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள். நிலக்கரி இல்லாமல், டிராம் தண்டவாளங்களுக்கு இடையே பதித்திருந்த மரக்கட்டைகளைக்கூடத் தோண்டி எடுத்து எரித்த காலம் அது. வீட்டிலிருந்து முதலில் எந்தப் பொருள் பண்ணைக்குப் போனது, அதற்குப் பதிலாக என்ன கிடைத்தது என்று கேளுங்கள். ஒரு பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் உரித்துக்கொண்டே இருங்கள். கை நடுங்கினால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

முதுமையில் பேச்சு குழந்தைப் பருவத்து மொழிக்கே திரும்பிவிடுவதுண்டு. ஓமா டச்சில் பேசத் தொடங்கினால் தடுக்காமல், முன்பே அனுமதி கேட்டுக்கொண்டு, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இந்நாட்டு ஆப்பிரிக்கான்ஸ் மொழி டச்சின் வயிற்றில் பிறந்ததுதானே. பள்ளியில் நாமெல்லாம் முனகிக்கொண்டே படித்த அது பாதியை உங்கள் காதுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். மீதியை வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள், வீட்டார் அதைக் கேட்கமாட்டார்கள். போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளையர்களை இந்நாடு வரவேற்றது. இந்தியரின் குடியேற்றத்தையோ 1913-ஆம் ஆண்டுச் சட்டம் முன்பே அடைத்திருந்தது. ஓமா கப்பலிலிருந்து இறங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்தது; நீங்கள் குடியிருக்கும் சாட்ஸ்வொர்த், நம்மவரைப் பழைய இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைக்க அந்தச் சட்டத்தின் கீழ் எழுந்த ஊர். இதை ஓமாவின் குற்றமாகச் சொல்லவில்லை. அவருடைய முதல் சமையலறையில் வேலை பார்த்த பெண் யார், அவர் பெயர் என்ன, தம் பங்கு ரொட்டியை அவர் எங்கே உட்கார்ந்து உண்டார் என்று கேட்டு எழுதுங்கள் என்கிறேன். பசியை அறிந்தவருக்கு அது நினைவிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

மூன்றாவது கேள்வி: தாராளமாக எழுதலாம், மகன் சிரிக்கட்டும். நடந்தவை இரண்டு. சுவீடன் கொடுத்த மாவு கப்பலில் வந்து, உள்ளூர் அடுப்புகளில் வெள்ளை ரொட்டியாகச் சுடப்பட்டு, 1945 பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் மார்கரினோடு மக்களுக்குக் கிடைத்தது. அதுவரை பிசுபிசுத்த கறுப்பு ரொட்டியைத் தின்றவர்களுக்கு அது கேக்காகவே இனித்திருக்கும். பிறகு ஏப்ரல் 29 முதல் பிரிட்டிஷ் விமானங்களும், இரண்டு நாள் கழித்து அமெரிக்க விமானங்களும் மிகத் தாழப் பறந்து, ராட்டர்டாமை ஒட்டிய டெர்பிரெக்கே உள்ளிட்ட இடங்களில் மாவு, முட்டைப் பொடி, டின் உணவு என்று மொத்தம் 10,000 டன்னுக்கு மேல் போட்டன. வானத்திலிருந்து உணவு விழுந்தது உண்மை. வெள்ளை ரொட்டி வந்ததும் உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாக்கி நினைவில் வைத்திருக்கும் டச்சு முதியவர்கள் பலர். ஓமா சொன்னதை அவர் சொன்னபடியே பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு நிகழ்ச்சிகளின் காலத்தையும் கீழே சிறிய எழுத்தில் குறித்துவிடுங்கள்.

பிறந்தநாளன்று கேக்குடன் வெண்ணெய் தடவிய வெள்ளை ரொட்டித் துண்டு ஒன்றையும் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். பாதியை அவர் எப்படியும் முடிந்துவைப்பார். துவைத்த கைக்குட்டை ஒன்றை முன்னதாகவே பக்கத்தில் வைத்துவிடுங்கள்.