உபுண்டு காணவில்லை என்றால் ஃபார்மட் செய்யக் கொடுக்காதீர்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். ஈப்போவில் கணினித் துறை படிக்கும் என் மகளின் மடிக்கணினியில் விண்டோஸ் 11, உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளம் இரண்டும் இருந்தன. விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்து நேராக விண்டோஸுக்கே போகிறது. எதைத் திறப்பது என்று கேட்கும் பட்டியல் வருவதே இல்லை. அவள் செமஸ்டர் புராஜெக்ட் முழுவதும் உபுண்டுவில் இருக்கிறது. பட்டணத்துக் கடையில், ஹார்டிஸ்க் போய்விட்டது, ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போட 280 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார்கள். கடிகாரமும் 8 மணி நேரம் பின்னால் காட்டுகிறது, அதற்கு உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்ற வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஃபார்மட் செய்தால் மகளின் புராஜெக்டும் சேர்ந்து அழிந்துவிடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

விண்டோஸும் உபுண்டுவும் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிஸ்க் போய்விட்டது என்றால் விண்டோஸ் மட்டும் எப்படி ஒழுங்காகத் திறக்கும்? நடந்தது இவ்வளவுதான். கணினியைத் திறந்ததும் முதலில் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு வரிசை (பூட் வரிசை) அதன் உள்ளே இருக்கும் முதன்மைப் பலகையில் பதிந்திருக்கும். அப்டேட் வந்தபோது விண்டோஸ் தன் பெயரை அந்த வரிசையின் தலையில் போட்டுக்கொண்டது. உபுண்டு அழியவில்லை, அதை யாரும் கூப்பிடவில்லை. பயனரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வரிசையை மாற்றும் இந்தப் பழக்கம் பல வருடங்களாக நடக்கிறது. இரண்டையும் வைத்துப் படிக்கச் சொல்லும் கல்லூரிகளும் இதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் சொல்லித் தருவதில்லை. அலைவது பெற்றோர்.

கடைக்காரர் சொன்னதை நீங்களே சரிபார்க்கலாம். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். சி என்ற எழுத்துள்ள பெரிய கட்டத்துக்குப் பக்கத்தில், எழுத்தே இல்லாத இன்னொரு பெரிய கட்டம் இருக்கும். அதன்மேல் 'ஹெல்தி' என்று விண்டோஸே எழுதியிருக்கும். டிஸ்க்கின் ஆயுளுக்கு அது உத்தரவாதம் இல்லை, ஆனால் மகளின் பகுதி இன்னும் டிஸ்க்கில் இருக்கிறது என்பதற்கு அது போதும். உபுண்டுவின் கோப்பு முறை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் சில சமயம் 'இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று ஒரு பெட்டி தானாகவே எழும். அதில் கேன்சல் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. சில கடைகளில் இந்தப் பெட்டியைக் காட்டித்தான் 'பாருங்கள், டிஸ்க் கெட்டுப்போச்சு' என்கிறார்கள். ஃபார்மட் அடிப்பது அவர்களுக்குச் சுலபம். போடும் விண்டோஸ் பெரும்பாலும் உரிமம் இல்லாத நகல். உங்கள் கணினியோடு வந்த உரிமம் பலகையிலேயே பதிந்திருக்கும்போது அதற்கு எதற்குக் காசு?

சரி, வேலைக்கு வருவோம். கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம் பார்த்தே ஆக வேண்டும், இதை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' ஆன் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விண்டோஸ் பகுதி பூட்டப்பட்டிருக்கிறது. புதிய மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததும் இது தானாகவே பூட்டிக்கொள்ளும், பலருக்குத் தெரிவதே இல்லை. பூட் வரிசையையோ, நம்பகமான மென்பொருளை மட்டும் திறக்க விடும் 'செக்யூர் பூட்' அமைப்பையோ மாற்றினால், அடுத்த முறை நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கும். யாருடைய கணக்கில் என்பதுதான் கேள்வி. வாங்கிய அன்று கடைப் பையன் 'நானே செட் பண்ணித் தரேன்' என்று தன் மின்னஞ்சலைப் போட்டிருந்தால், சாவியும் அவனிடம்தான் இருக்கும். தொலைந்துபோனால் மைக்ரோசாஃப்டாலும் அதைத் திருப்பித் தர முடியாது, விண்டோஸ் பக்கம் இருக்கும் படங்களும் பாடங்களும் போனதுதான். ஆகவே கணக்கு மகள் பெயரில்தானா என்று பாருங்கள். அதில் நுழைந்து அந்தச் சாவியை (ரெக்கவரி கீ) எடுத்து, 48 இலக்கத்தையும் தாளில் எழுதி, இன்னொரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே மடிக்கணினிக்குள் சேமித்து வைத்தால் பயனில்லை. கணக்கு வேறொருவருடையது என்றால், விண்டோஸ் இன்னும் திறக்கும் இப்போதே டிவைஸ் என்க்ரிப்ஷனை ஆஃப் செய்து, அது முழுவதும் முடியும்வரை சார்ஜரில் வைத்திருங்கள்.

அப்புறம் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலப் பக்கத்தில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதற்குள் உபுண்டுவின் பெயர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் முதல் வேலை, புராஜெக்டை ஒரு பென்டிரைவில் நகலெடுப்பது. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். வரிசையை நிரந்தரமாக மாற்ற, கணினி திறக்கும்போது எஃப்2 தட்டினால் பெரும்பாலான கணினிகளில் அமைப்புப் பக்கம் வரும். அங்கே பூட் பட்டியலில் உபுண்டுவை மேலே ஏற்றிச் சேமித்தால் போதும்.

உபுண்டுவைத் தேர்ந்தெடுத்ததும் 'எஸ்பாட்' (SBAT) என்ற சொல்லோடு ஒரு பிழை வந்து கணினி அணைந்தால் பயப்பட வேண்டாம். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட் பலருக்கு இதே தொல்லையைக் கொடுத்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, உபுண்டுவுக்குள் போய் அதை அப்டேட் செய்து, செக்யூர் பூட்டை மறுபடி இயக்குங்கள். எழுதி வைத்த சாவி இங்கே கைகொடுக்கும்.

'யூஸ் எ டிவைஸ்' பட்டியலில் உபுண்டுவின் பெயரே இல்லை என்றால், மகளுக்கு உபுண்டு போட்டுக் கொடுத்தவரிடம் உபுண்டு பென்டிரைவ் கேளுங்கள். அதிலிருந்து திறந்து 'டிரை' என்பதைத்தான் அழுத்த வேண்டும், 'இன்ஸ்டால்' அல்ல. கோப்புகளை நகலெடுத்த பிறகு 'பூட் ரிப்பேர்' என்ற இலவசக் கருவி பட்டியலை மறுபடி அமைத்துக் கொடுக்கும். விஷயம் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

கடையில்தான் செய்ய வேண்டும் என்றால், 'தரவை அழிக்கக் கூடாது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் விடாதீர்கள். அப்படியும் அழித்துவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.

கடிகாரத்துக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை. உபுண்டு உள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மலேசியா பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் இருப்பதால்தான் சரியாக அந்த 8 மணி நேரம் குறைகிறது. இணையம் கிடைத்ததும் விண்டோஸ் தானே திருத்திக்கொள்ளும், தோட்டத்தில் லைன் சரியில்லாததால் அப்படியே நின்றிருக்கும். பேட்டரி உண்மையிலேயே தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். அதைக் கண்ணால் பார்க்கும்வரை பேட்டரிக்குக் காசு கொடுக்காதீர்கள்.