கல்யாணக் கேசட்டை டிவிடி ஆக்கும் முன்

கேள்வி: 1993-ல் நடந்த எங்கள் திருமண வீடியோ மூன்று மணி நேர விஎச்எஸ் கேசட்டில் இருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய டெக்கையும் வீட்டுக் கம்ப்யூட்டரையும் வைத்து நானே டிவிடியாக மாற்ற முடியுமா?
- ஒரு வாசகி, மதுரை

முடியும். ஆனால் கேசட்டை இப்போதே டெக்கில் போட்டுவிடாதீர்கள். மேலே உள்ள கண்ணாடி வழியாக டார்ச் அடித்து, சுற்றியிருக்கும் நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தூவியதுபோல் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். அப்படியே ஓட்டினால் நாடா ஒட்டிக்கொண்டு கிழியலாம். டெக்கின் ஹெட்டில் படிகிற பூஞ்சணம் அடுத்து போடும் கேசட்டையும் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த கேசட்டை, அதைத் துடைத்துப் பழகியவரிடம் மட்டுமே கொடுங்கள்.

நாடா சுத்தமாக இருந்தால் அடுத்து டெக். பல வருடம் ஓடாமல் கிடந்த டெக்கில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அது நாடாவை இழுத்துச் சிக்கவைத்துவிடும். ஆகவே போனாலும் பரவாயில்லை என்கிற வேறொரு கேசட்டைப் போட்டு முழுதாக ஓட்டிப் பாருங்கள். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திய பிறகு புது டெக் கிடைப்பது அரிது. இருப்பதைப் பழுது பார்த்துத்தான் ஆக வேண்டும். கல்யாணக் கேசட்டின் முதுகில் சின்ன பிளாஸ்டிக் பல் இருந்தால் அதை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் படம் அழியாது. பிறகு ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். இறுகிக் கிடந்த நாடா சீராகும்.

டெக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்க யுஎஸ்பி வீடியோ கேப்சர் கருவி ஒன்று வேண்டும். மஞ்சள் ஒயர் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. பழைய டெக்குகள் பல மோனோ, அதாவது ஒலி ஒரே தடத்தில் வருபவை என்பதால் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் நாதஸ்வரம் கேட்கும். பதிந்த பிறகு ஆடியோவை இரு பக்கமும் நகலெடுத்தால் சரியாகிவிடும். பதிவதற்கு இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்டப் என்ற மென்பொருள் போதும். அதில் நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்: நொடிக்கு 25 படம், 720க்கு 576 அளவு. அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி (NTSC) என்று விட்டுவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும் அல்லது உருளும். கேசட் கெட்டுப்போனதாக நினைத்துப் பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் எடுத்த கேசட் என்றால் மட்டும் என்டிஎஸ்சி. அதற்கு பால், என்டிஎஸ்சி இரண்டையும் ஓட்டும் டெக் வேண்டும்.

நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். நேரடியாக டிவிடி தரத்தில் பதியாதீர்கள். நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேய்கிறது, அடுத்த முறை இதே படம் வரும் என்ற உறுதி இல்லை. ஆகவே ஹஃப்ஒய்யுவி (HuffYUV) போன்ற, படத்தின் தரம் குறையாமல் சேமிக்கும் முறையில் முதல் பதிவை எடுங்கள். மணிக்குச் சுமார் 30 ஜிபி, சில சமயம் அதற்கு மேலும் பிடிக்கும். மூன்று மணி நேரத்துக்கு 120 ஜிபி காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள். பதியும் ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ் (NTFS) முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்கட்டும். பழைய ஃபேட்32 (FAT32) முறை என்றால் 4 ஜிபியிலேயே கோப்பு நின்றுவிடும். பதியும்போது வேறு வேலை எதையும் அந்தக் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள். இடையில் படங்கள் விட்டுப்போனால் மந்திரம் ஒரு பக்கம், ஐயரின் வாய் ஒரு பக்கம் என்றாகிவிடும். அடிப்பக்கம் மெல்லிய கோடு நெளிவது விஎச்எஸ்ஸின் இயல்பு, கவலை வேண்டாம். படம் முழுவதும் கோடு ஓடினால் டெக்கின் டிராக்கிங் பட்டனைத் திருத்துங்கள்.

இனி டிவிடி. டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் முதல் பதிவைக் கொடுத்தால் டிவிடி பிளேயரில் ஓடும் விதமாக மாற்றித் தரும். 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றில் நல்ல தரத்துக்கு ஒரு மணி நேரம், சுமாரான தரத்துக்கு இரண்டு. உங்கள் மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணித்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். முகூர்த்தத்தையும் வரவேற்பையும் பிரித்து இரண்டு அல்லது மூன்றில் எழுதுங்கள். டிஸ்க்கில் ஸ்டிக்கர் ஒட்டாமல், டிஸ்க்கில் எழுதுவதற்கான மார்க்கரால் தலைப்பு எழுதுங்கள்.

வீட்டில் எழுதும் டிவிடி சில ஆண்டுகளில்கூடக் கெடலாம். அதனால் முதல் பதிவு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில். கைபேசியில் பார்க்க, ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் டீஇன்டர்லேஸ் செய்து (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிந்த படக் கோடுகளை முழுப் படமாக்கி) எம்பி4 ஆக்குங்கள். இல்லாவிட்டால் அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் போலத் தெரியும்.

இவ்வளவும் முடியாது, கடையில் கொடுத்துவிடலாம் என்று தோன்றினால், டிவிடியை மட்டும் வாங்கி வராதீர்கள். முதல் பதிவின் கோப்பை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தரச் சொல்லுங்கள், கேசட்டையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.